மலிவாய்க் குடித்த காலம்: மிச்சக் காசை ஆர் குடுத்தது?

எங்கட ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஆம்பிளையிடம் அவருடைய இளமைக் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காதல் கதைக்கு முதல் குடிக் கதைதான் வரும். அதுவும் எப்போதும் விலையில்தான் தொடங்கும். "தம்பி, அப்ப ஒரு போத்தல் கள்ளு என்ன விலை எண்டு நினைக்கிறீர்?" அவர் விலையைச் சொல்ல, நாங்கள் வாயைப் பிளக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. பிறகு பனங்காணிக்குள் இருந்த கொட்டில் வரும். ஓலையில் மடித்த பிளா, உப்புத்தூள் போட்ட மாங்காய், டபிள் போன சைக்கிள் வேலிக்குள் பாய்ந்தது, அடுத்த நாள் காலமை ஐயா மணந்து பிடித்தது எல்லாம் வரிசையாக வரும்.

ரொறன்ரோவில் இருந்து திருவிழாவுக்கு வரும் மாமாவுக்கும் இதே கதைதான். விமானத்தில் தந்த விஸ்கியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார். முப்பது வருசத்துக்கு முந்தின புளிச்ச கள்ளைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பார். எங்கட பீடத்தை விட்டுப் போய் இரண்டு வருசம்கூட ஆகாத அண்ணாமாருக்கும் இப்ப ஒரு 'அந்தக் காலம்' வந்துவிட்டது: மகாபொல விழுந்த கிழமை, ஐந்து பேர் சேர்த்துப் போட்ட காசு, ஒரு அரைப் போத்தல் சாராயம், கிளாஸ் இல்லாததால் கழுவி வைத்த யோகட் கப், ஒரு பக்கெட் மிக்சர். இருபத்தைந்து வயதிலேயே அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது மதுவிலக்குப் பிரசாரம் இல்லை. எங்களில் குடிக்கிறவர்களும் இருக்கிறோம், மணத்துக்கே தலையிடி வருகிறவர்களும் இருக்கிறோம். இந்தக் கதைகளை நாங்கள் எல்லாருமே விரும்பித்தான் கேட்கிறோம். ஆனால் கேட்டு முடிந்த பிறகு ஒரு கேள்வி தொண்டைக்குள் நிற்கிறது. ஒரு பொருள் மலிவாகக் கிடைத்தது என்றால், அதன் மிச்ச விலையை வேறு ஆரோ குடுத்திருக்க வேண்டும். அந்த ஆள் ஏன் இந்தக் கதைகளுக்குள் வருவதே இல்லை?

இந்தக் கதைகளில் உள்ள நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். மலிவான குடியில் பங்கு இருந்தது. வசதியான வீட்டுப் பெடியனும் கடனுக்குச் சைக்கிள் ஓட்டினவனும் ஒரே முட்டியில் வார்த்துக் குடித்தார்கள். இல்லாதவனுக்கும் சேர்த்துத்தான் காசு போட்டார்கள். கள்ளு என்பது அவசரத்துக்கும் உதவாத சாமான். பாளையைச் சீவ வடியும் சாறு முட்டிக்குள் விழுந்த உடனேயே மதுவம் தன் வேலையைத் தொடங்கிவிடும். காலமை இறக்கினது இனிக்கும், மத்தியானம் புளிக்கும், பின்னேரம் உறைக்கும். அதை அலுமாரிக்குள் பூட்டி வைத்து அடுத்த மாதம் குடிக்க ஏலாது. அன்றைக்கு, அந்த இடத்தில், பக்கத்தில் இருக்கிறவர்களோடுதான் குடித்து முடிக்க வேண்டும். கூட்டாளிகள் இல்லாமல் கள்ளுக்குக் கதையே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். எங்கட அப்பாமாரின் இருபதுகள் 1990இல் தொடங்கின பொருளாதாரத் தடைக்கும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்கும் நடுவில் நசிந்து போனவை. குடிக் கதை சொல்லும்போது அவர்கள் அந்த வட்டத்தில் இருந்தவர்களின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். இவன் இப்ப பிரான்ஸில், அவன் கனடாவில், மற்றவன் கடை வைத்திருக்கிறான். ஒரு பேரில் வந்து கதை நின்றுவிடும். சிரிப்பும் நின்றுவிடும். பிறகு "அவன் நல்லாப் பாடுவான்" என்று ஒரு வசனம். அவ்வளவுதான். எங்கட ஆம்பிளைகளுக்குச் செத்துப்போன கூட்டாளியை நினைத்து அழ வேறு வழி ஒன்றையும் ஆரும் பழக்கவில்லை. குடிக் கதை சொல்கிற சாட்டில்தான் அந்தப் பேரை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. அதனால் இந்தக் கதைகளை எழும்பி நின்று கண்டிக்க எங்களுக்கு மனமில்லை.

ஆனால் மிச்சக் காசின் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும்.

முதல் ஆள் மரத்தில் நிற்கிறார். கதையில் முட்டி மரத்தில் இருந்து தானாகவே இறங்கி வந்த மாதிரித்தான் இருக்கும். உண்மையில் ஒரு மனுசன் தளநார் போட்டு, இடுப்பில் பாளைக்கத்தியோடு, காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா அந்தப் பனையில் ஏற வேண்டும். ஒரு மரத்தோடு முடிவதும் இல்லை. அடுத்தது, அதற்கடுத்தது. மழை பெய்து மரம் வழுக்கினாலும், காய்ச்சல் என்றாலும், சீவாமல் விட்டால் பாளை பழுதாகிவிடும். நெஞ்சிலும் கையிலும் பனஞ்செதிள் உரசின தழும்பு சாகும்வரை போகாது. கால் சறுக்கினால் கதை முடிந்தது. பிழைத்தாலும் முள்ளந்தண்டு பிழைக்காது. அந்த ஆளுக்குக் கிடைத்த கூலி குறைவு என்பதால்தான் கள்ளு மலிவாக இருந்தது.

கூலி மட்டும்தான் குறைவு என்று நினைக்க வேண்டாம். அவர் இறக்கின கள்ளை அவருடைய முற்றத்திலேயே குந்தியிருந்து குடித்தவர்கள், அவருக்குத் தங்கள் கிணற்றில் ஒரு வாளி தண்ணி அள்ள விடவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவருக்கு வேறு பேணி, வேறு போத்தல். கோயிலில் வெளி வீதியோடு நிற்க வேண்டும். பொது இடங்களில் இப்படிச் சாதி பார்த்து ஒதுக்குவது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பதினொரு வருசம் கழித்து, 1968இலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் சனம் உள்ளே போக விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. எங்கட தாத்தாமார் சிலர் கள்ளுக் கதை சொல்லும் அதே வருசங்கள்தான் இவை. பிளாவுக்குள் இருந்த கள்ளில் தீட்டு இல்லை. அதை இறக்கின கையில் மட்டும் தீட்டு இருந்தது. இதைவிட ஒரு கணக்குப் பிழையை நாங்கள் படித்ததில்லை.

எங்கட பட்சிலேயே ஒரு பெடியன் இருக்கிறான். தகப்பன் என்ன செய்கிறார் என்று ஆரும் கேட்டால் "தோட்டம் செய்யிறார்" என்பான். ஒருநாள் ஹொஸ்டலில் எல்லாரும் ஊர்க் கள்ளின் பெருமை கதைத்துக்கொண்டிருக்க, அவன் எங்களில் ஒருவரிடம் மட்டும் தனியச் சொன்னது: "எங்கட அப்பா இறக்கிற கள்ளைப் பற்றி இவ்வளவு கதைக்கிறியள். அப்பாவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை." எங்களுக்குப் பதில் வரவில்லை. கள்ளு எங்கட 'பாரம்பரியம்' என்று பெருமையாகப் பதிவு போடுகிற அதே வாய், கோபம் வந்தால் அந்தத் தொழிலின் பேரைத் தூசணமாகப் பாவிக்கிறது. குடிக்கிறது பாரம்பரியம், இறக்கிறது இளக்காரம் என்றால் அந்தப் பாரம்பரியம் ஆருடையது?

இரண்டாவது ஆள் வீட்டில் இருக்கிறார். குடிக் கதையில் அம்மா வருவது ஒரே ஒரு இடத்தில்தான். கதவைத் திறக்கிற இடத்தில். அவ திறந்து, பேசி, சோறு போட்டுக் குடுத்துவிட்டுக் கதையை விட்டுப் போய்விடுவா. அந்தக் கதவுக்குப் பின்னால் அவ எத்தனை மணிவரை முழிச்சிருந்தா, றோட்டில் வாகனச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு முறையும் என்ன நினைச்சா, சங்கக்கடைக்கு வைத்திருந்த காசில் எவ்வளவு குறைந்திருந்தது என்பதெல்லாம் வராது. எங்களோடு படிக்கிற மலையகத்துத் தோழிகளுக்கு இந்தக் கதைகள் ஏன் சிரிப்பு வரவில்லை என்று கேட்டால் தெரியும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. அந்த ஆயிரத்துக்கும் அப்ப ஒரு முழுப் போத்தல் சாராயம் வராது. ஆனாலும் சம்பள நாளில் தவறணை வாசல் நிறைந்துதான் இருந்தது. "எங்கட லயத்தில குடி எண்டா பழைய நினைவு இல்லை, சம்பள நாள்" என்று ஒருத்தி சொன்னாள். அதே பானம்தான், ஆனால் அதை ஆர் நினைவுகூருகிறார் என்பதில் எவ்வளவு வித்தியாசம்!

மூன்றாவது, அந்த வட்டத்துக்குள் வரவே முடியாத ஆட்கள். அதாவது, எங்களில் பாதிப் பேர்.

இலங்கையில் மதுச்சாலையில் பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு கட்டளை போட்டார்கள். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்கள்கூடப் போகவில்லை. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டு அதைத் திருப்பிப் போட வைத்தார். நாட்டின் பண்பாட்டைக் காப்பாற்றுகிற பொறுப்பை இப்படித்தான் ஒவ்வொரு முறையும் பெண்களின் தலையில் கட்டுகிறார்கள். அதே கிழமை ஊரில் எத்தனை ஆம்பிளைகள் வேலிக்கரையில் விழுந்து கிடந்தார்கள் என்று பண்பாடு எண்ணிப் பார்க்கவில்லை.

பெண்களும் குடிக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களில் பல பெண்களுக்கு அதில் ஆசையும் இல்லை. பிரச்சினை போத்தல் இல்லை. குடிக் கதைகளின் உண்மையான இனிமை என்ன என்று பாருங்கள்: இரவு பத்து மணிக்குக் கடற்கரையில் இருக்கலாம், விசர்க் கதை கதைக்கலாம், பிழையான பாட்டைப் பாடலாம், விழுந்து எழும்பலாம். இருபது வருசம் கழித்து அது ஒரு பகிடியாக மட்டும் மிஞ்சும். இந்தக் கடைசி வசனம்தான் முக்கியம். அவன் செய்தால் அது பகிடி. அவள் செய்தால் அது செய்தி. அவனுக்கு 'இளமைக் குறும்பு' என்று பேர் வைக்கிற ஊர், அவளுடைய கலியாணப் பேச்சு வரைக்கும் அதைக் காவிக்கொண்டு போகும். முட்டாள்தனமாக நடந்துவிட்டு அதைப் பிறகு சிரித்துச் சொல்கிற சுதந்திரம் எங்கட ஊரில் ஆம்பிளைக்கு மட்டும் கிடைத்த சீதனம்.

ஆம்பிளைகளுக்குள்ளும் எல்லாருக்கும் அந்த வட்டம் இனித்ததா என்றால், அதுவும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த பெடியனின் கையில் யோகட் கப்பை வைத்து "எங்களோட நிக்கிறியா இல்லையா?" என்று கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் 'இல்லை' என்று வந்தால் மூன்று வருசமும் அவன் தனி ஆள். 1998இல் வந்த பகிடிவதைத் தடைச் சட்டம் இப்படியான வற்புறுத்தலைப் பற்றித்தான் கதைக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கவே கூடாது. முதலாம் வருசப் பிள்ளைகள் பலருக்கு அந்த வயது வந்திருக்காது. ஆனால் பிறகு கதை சொல்லும்போது அவனும் 'நாங்கள்' என்கிற சொல்லுக்குள் வந்துவிடுகிறான். "நாங்கள் எல்லாரும் அப்பிடித்தான் குடிச்சனாங்கள்." அவனிடம் தனியக் கேட்டால் ரொய்லட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு சத்தி எடுத்த கதையைச் சொல்லுவான். அதை ஆரும் இன்னும் கேட்கவில்லை.

இதற்கு வரும் பதில் எங்களுக்குத் தெரியும். "பிள்ளையள், இப்பத்தைய பெடியள் ஐஸ், குளிசை எண்டு அழியிறாங்கள். நாங்கள் குடிச்ச கள்ளு அதைவிடப் பரவாயில்லை." இதில் பாதி உண்மை இருக்கிறது. ஐஸ் எங்கட ஊர்களுக்குள் என்ன செய்கிறது என்று நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். எங்கட வயசுக்காரரின் பேர்களே அதில் வருகின்றன. ஆனால் 'எங்கட காலத்துக் கள்ளு' என்ற ஞாபகம் அந்தப் பெடியனை எந்த விதத்திலும் காப்பாற்றவில்லை. 2023 ஜனவரியில் மதுவரி ஒரே தடவையில் 20 வீதம் கூடியது. கடைச் சாராயம் எட்டாத உயரத்துக்குப் போனபோது குடி நிற்கவில்லை. மலிவைத் தேடிக் கீழே இறங்கியது. கோடா ஊற வைத்துக் காய்ச்சுகிற கசிப்புக்குள் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சுகிறவருக்கே தெரியாது. இன்றைய மலிவின் மிச்சக் காசைக் குடிக்கிறவனின் ஈரல் குடுக்கிறது. அப்படியான ஒரு பெடியனுக்கு முன்னால் இருந்துகொண்டு, பிளாவின் மணத்தை வர்ணிப்பதால் அவனுக்கு என்ன பிரயோசனம்?

அப்படியென்றால் இந்த ஏக்கத்தில் காப்பாற்ற வேண்டியது ஒன்றும் இல்லையா? இருக்கிறது. எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: மாமாமார் ஏங்குவது கள்ளுக்காக இல்லை. காசில்லாமல், அவசரமில்லாமல், ஐந்தாறு பேர் மூன்று மணித்தியாலம் ஒன்றாக இருக்கக்கூடிய ஒரு இடத்துக்காக. கொட்டில் அவர்களுக்கு அந்த இடமாக இருந்தது. கள்ளு அந்த இடத்துக்கான வாடகை.

எங்களுக்கு அந்த இடம் எங்கே? நூலகம் பூட்டுகிற நேரத்துக்குப் பூட்டிவிடும். விளையாட்டு மைதானத்துக்குக் கேற் போட்டுவிட்டார்கள். கூல்பாரில் ஒரு ஐஸ்கிறீமோடு எவ்வளவு நேரம் இருக்கலாம்? அடுத்த மேசைக்கு ஆள் வந்தால் பில் வந்துவிடும். மதகில் பெடியள் இருக்கலாம். நாலு பெட்டையள் அங்கே இருந்தால் போகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் ஸ்லோ ஆகும். கோயில் வீதி எல்லாருக்கும் என்று சொல்லுவார்கள். அங்கேயும் ஆரோடு இருக்கிறாய் என்று பார்க்க ஒரு கண் இருக்கும். கடைசியில் எல்லாரும் தங்கள் தங்கள் அறைக்குள் இருந்து போனுக்குள் சந்திக்கிறோம். வட்டம் இல்லாத தலைமுறைக்குத் தனியக் குடிக்கிறதும், அதைவிட மோசமானதும், இலகுவாகக் கிடைக்கிறது. கள்ளு முன்பு போல் மலிவாக வந்தாலும் இந்த வெறுமையை அது நிரப்பாது.

ஆகவே எங்களுக்கு இரண்டு விசயங்கள் சொல்ல இருக்கின்றன.

ஒன்று, கதை சொல்கிறவர்களுக்கு. தொடர்ந்து சொல்லுங்கோ. நாங்கள் கேட்கிறோம், சிரிக்கிறோம். ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கோ. அந்த முட்டியை இறக்கினவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை மரியாதையோடு சொல்லுங்கோ, அவர் உங்கட கிணற்றில் தண்ணி அள்ளினாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. கதவைத் திறந்த அம்மாவுக்கும் அந்த இரவைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் அவவையும் சொல்ல விடுங்கோ. பேரில் நின்றுபோன அந்தக் கூட்டாளியைப் பற்றி இன்னும் இரண்டு வசனம் சொல்லுங்கோ. அதற்குக் கள்ளின் சாட்டு தேவையில்லை. நீங்கள் அழுதாலும் நாங்கள் எழும்பிப் போக மாட்டோம்.

மற்றது, எங்கட வயசுக்காரருக்கு. இன்னும் இருபது வருசத்தில் நாங்களும் ஆரோ ஒரு சின்னப் பிள்ளைக்கு இந்த நாட்களைப் பற்றிக் கதை சொல்லப் போகிறோம். அந்தக் கதைக்குள் ஆர் ஆர் இருப்பார்கள் என்று இப்பவே யோசிக்கலாம். குடிக்காதவன் பிளேன்ரீயோடு இருந்தாலும் முழு ஆளாக இருக்கக்கூடிய வட்டம், பெட்டையள் ஒன்பது மணிக்குப் பிறகும் பயமில்லாமல் இருந்து கதைக்கக்கூடிய வட்டம், தகப்பன் பனை ஏறுகிறார் என்று ஒருத்தன் சாதாரணமாகச் சொல்லக்கூடிய வட்டம். அப்படி ஒன்றை உண்டாக்கினால், அதில் ஊற்றிக் குடிக்கிறது கள்ளா, கருப்பணியா, வெறும் தேத்தண்ணியா என்பது பெரிய விசயம் இல்லை. அதற்குச் செலவும் அவ்வளவு இல்லை. வருகிற செலவை எல்லாரும் சமமாகப் பிரித்துப் போட்டால் போதும். மிச்சக் காசை இன்னொருத்தர் தலையில் கட்டாத அந்த மலிவுக்காக நாங்களும் ஒருநாள் ஏங்கலாம்.